எட்டாவது ராக்கர்

மெக்கானிக்கின் மச்சினிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் பட்டறைப் பக்கம் எல்லோருக்கும் அவள் ‘அரைகிராம்’. எதை அரைத்தாலும் எடை அரைகிராம் கூடக்குறைய இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கிண்டலாக அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அக்காள் புருஷனான மெக்கானிக்தான். போகப்போகக் கிண்டல் வற்றி, மரியாதை மட்டும் மிஞ்சிவிட்டது.

இப்போது பட்டறையில் நிற்பது பல் டாக்டரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, அறுபது வயது, இன்னும் குமரி மினுக்கு. மறுநாள் மலைச்சாலைப் பந்தயத்துக்குப் போகிறது. போன வருடம் பாதி மலையில் இன்ஜின் கையை விரித்து, எல்லோரும் பார்க்கக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டாக்டர் அளவுக்கு மீறி மிதித்துவிட்டார் என்று மெக்கானிக் சொன்னார். டாக்டரும் பாவம், நம்பிவிட்டார். இந்த வருடமும் நின்றால் அந்தக் கதை எடுபடாது. பட்டறையின் பெயர் அதோடு போய்விடும்.

இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டுமானால் வால்வுகளை அமுக்கும் எட்டு ராக்கர்களும் இளைக்க வேண்டும். அது அரைகிராமின் வேலை. பாரம் தாங்கும் இடத்தைத் தொடாமல், சும்மா ஒட்டிக்கொண்டிருந்த இரும்பை மட்டும் அரைத்தெடுத்து, முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்டுத் தந்திருந்தாள். எட்டும் ஒரே எடை. “பூட்டி மூடவே மனசு வரல” என்றார் மெக்கானிக். அதை மனதாரச் சொன்னார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் அவர் இன்ஜின் மூடியை மாட்டப் போகும்போது அவள் வந்து நின்றாள். முகமே சரியில்லை.

“மூடாதீங்க அத்தான். எட்டாவத கழட்டணும்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“அதுக்கு மட்டும் மெஷின்ல அரைக்கிற பெல்ட்ட மாத்தினேன். மாத்தின அவசரத்துல குறுக்கால பிடிச்சு அரைச்சுட்டேன். கீறல் நீளவாக்குலதான் ஓடணும். குறுக்க ஓடினா அதுலயிருந்து வெடிப்பு விடும். மேல பாலிஷ் போட்டதுல மறைஞ்சுபோச்சு. இப்பதான் உறைச்சுது.”

மெக்கானிக் லென்ஸை வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

“சுத்தமா இருக்கே. இது யாருக்குத் தெரியப்போகுது?”

“வெடிப்புக்குத் தெரியும் அத்தான்.”

“இத மறுபடி அரைச்சா எடை குறையுமே. மத்த ஏழு?”

“ஏழையும் குறைக்கணும். எல்லாத்தையும் கழட்டிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள தர்றேன்.”

மழுப்பவில்லை, பெல்ட்டின்மேல் பழி போடவும் இல்லை. தன் தப்பைத் தானே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு ஸ்பானரை நீட்டிக்கொண்டு நின்றாள். மெக்கானிக்குக்குப் பெருமையாக இருந்தது. கூடவே அந்த ஸ்பானரை வாங்கக் கூச்சமாகவும் இருந்தது.

அதற்குக் காரணம் வால்வ் லாக். ஒவ்வொரு வால்வின் ஸ்பிரிங்கையும் நகத்தளவு இரண்டு துண்டுகள் கவ்விப் பிடித்திருக்கும். சேர்ந்தே தேய்ந்த ஜோடிகள் அவை. ஜோடி மாறினால் பிடி நழுவி, வால்வு இன்ஜினுக்குள் விழுந்துவிடும். அதனால் முட்டை அட்டையின் குழிகளில் ஜோடி ஜோடியாகப் போட்டு வைப்பார். போன வாரம் முழங்கை பட்டு இரண்டு குழிகள் கொட்டிவிட்டன. குத்துமதிப்பாகப் பொறுக்கி மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தார். போன வருடமும் அவர் செய்தது இதேதான்.

“நில்லும்மா” என்றார். “நானும் ரெண்டு வால்வ கழட்டணும்.” போன வருடத்துக் கதை உட்பட எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அவள் நேரே இன்ஜினிடம் போனாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வால்வு உள்ளே விழாமல் முட்டுக்கொடுக்க அந்த ஓட்டை வழியே மெல்லிய கயிற்றைத் திணித்தாள். நான்கு துண்டுகளும் வெளியே வந்ததும் லென்ஸில் தேய்மானத் தடங்களைப் பார்த்தாள்.

“ஜோடிய மாத்திக் கட்டி வச்சிருக்கீங்க அத்தான். குடும்பம் எப்படி நிலைக்கும்?”

அவருக்குச் சிரிப்பு வந்தது; அவள் பிரித்துக் கொடுத்த ஜோடிப்படியே திரும்ப மாட்டினார்.

சொன்னபடி சாயங்காலத்துக்குள் எட்டு ராக்கர்களும் வந்தன. அத்தனையிலும் மெல்லிய கோடுகள் நீளவாக்கில், சீவி விட்ட தலைமுடி மாதிரி.

மறுநாள் காலை டாக்டர் வந்து இன்ஜினைக் கிளப்பினார். ஒரு சொடக்குச் சத்தம் இல்லாமல் அதன் வேகம் ஏறி இறங்கியது.

“பிரமாதம். இந்தத் தடவ நான் பயந்து பயந்துதான் மிதிப்பேன்” என்றார் டாக்டர்.

மெக்கானிக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

“பயப்படாம மிதிங்க டாக்டர். போன வருஷம் தப்பு உங்க கால்ல இல்ல. என் கையில.”

டாக்டர் இன்ஜினை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அப்போ எது வரைக்கும் மிதிக்கலாம்?”

“அத இவகிட்ட கேளுங்க” என்று மெக்கானிக் நகர்ந்து, பின்னால் நின்ற அரைகிராமுக்கு வழி விட்டார்.