ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தாள்

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையும் கிடையாது, பேரனும் கிடையாது. பேரன் படிப்பது ஊட்டியில். ஆனாலும் ராஜபாண்டியன்தான் தலைவர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற ஒரு மனுசன் இருக்கும்போது, அந்தக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு வேறு யாரைத் தலைவராகப் போட்டுவிட முடியும்? ஊர் அப்படி.

அன்றைக்குக் கூட்டத்துக்கு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். வந்து உட்கார்ந்ததும் சீக்கிரம் முடிக்கச் சொன்னார். பேச்சு பெண் பிள்ளைகளின் கழிப்பறையைப் பற்றி. கதவு பெயர்ந்து இரண்டு வருடமாகிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி பாவாடையை விரித்து மறைத்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். புதிதாகக் கட்டப் பணம் வேண்டும், அதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்லுங்கள் என்று தலைமையாசிரியை செல்லக்கனி டீச்சர் கேட்டார்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கலாம் என்றது ஒரு குரல். பழைய நோட்டுப் புத்தகங்களைத் திரட்டி எடைக்குப் போடலாம் என்றது இன்னொன்று. சாத்தூரில் பணியாரக் கடை போடலாம் என்று ஒரு தாய் சொல்ல, மாவு ஆட்டுவது யார் என்று அவள் வீட்டுக்காரரே கேட்டு வாயை அடைத்தார். ராஜபாண்டியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அலையாம கொள்ளாமக் காசு வரணும். யாருக்கும் வேல இருக்கப்படாது. அப்படி ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

கடைசி வரிசையில் இருந்து பொன்மணி எழுந்தாள்.

பொன்மணி சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிறவள். மகள் காளீஸ்வரி இதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. தினசரிக் காலண்டர் போடலாம், ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு விற்கலாம் என்றாள். பிறந்தநாளோ கல்யாண நாளோ நினைவு நாளோ, அவரவர் நாளில், பொன்மொழி போடுகிற இடத்தில், அவரவர் எழுதிக் கொடுக்கிற நாலு வரி. அச்சகமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். கழகத்துக்குப் பணமும் எழுதிய சீட்டும் வாங்குகிற வேலை மட்டும்தான்.

"மேல அட்டையில தலைவர் படம் பெருசாப் போடலாம்" என்று முடித்தாள்.

ராஜபாண்டியன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இதைத்தான் தானும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. யாரைப் பார்த்து என்றா கேட்கிறீர்கள்? அவரைப் பார்த்துத்தான். பொன்மணி உட்கார்ந்தாள். மூன்று வருடமாக அவள் இந்த மனுசனுக்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமியெல்லாம் வேண்டாம். அவர் வாயில் இருந்து ஒரு வார்த்தை வேண்டும்.

அந்த வார்த்தை என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். அவள் புருசன் முனியராஜ் ராஜபாண்டியன் கம்பெனியில் ஏழாம் நம்பர் அறையில் வேலை பார்த்தவன். நாலு பேர் மட்டுமே இருக்கலாம் என்று சட்டம் சொல்கிற அறையில், தீபாவளி சீசனுக்கு ஒன்பது பேரை உட்கார வைத்திருந்தார்கள். கூடுதல் ஆட்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி காலையில் அறை வெடித்தது. மற்ற எட்டுப் பேரும் ஓடித் தப்பித்தார்கள். முனியராஜ் தப்பவில்லை.

செத்தவன் பெயர் பதிவேட்டில் இல்லையல்லவா? ராஜபாண்டியன் போலீசில் எழுதிக் கொடுத்தார், அவன் என் ஆளே இல்லை, மருந்து திருடச் சுவரேறிக் குதித்தவன் என்று. வாட்ச்மேன் ஆண்டிச்சாமி அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஓடித் தப்பித்த எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் வேலைக்குப் போக வேண்டுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், அந்தச் சோற்றையும் அள்ளித் தின்றார்கள். பள்ளியில் காளீஸ்வரிக்குத் 'திருடன் மவ' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு வந்து பிள்ளை சாப்பிடாமல் படுத்த ராத்திரிகளைப் பொன்மணி மறக்கவில்லை. மறப்பாளா?

காலண்டருக்கு அவளும் ஐந்நூறு ரூபாய் கட்டி ஒரு நாளை வாங்கினாள். நாலு வரி எழுதி டீச்சரிடம் நீட்டினாள். செல்லக்கனி டீச்சர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்தை மாற்றக்கூட எனக்கு அதிகாரமில்லை, தலைவர்தான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, சீட்டைக் கட்டின் நடுவில் செருகினார்.

மூன்று வாரத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் விற்றுப்போனது. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்க்கிற மணிகண்டராஜ், ஆகஸ்ட் பக்கம் வந்ததும் நிறுத்தினான். அவன் பக்கத்து ஆமத்தூர்க்காரன், வெடிவிபத்து விஷயம் தெரிந்தவன்.

"அக்கா, இது வம்புல்ல?"

"நீ அடிச்சு வையி. புரூப் தலைவருக்குத்தான போகுது" என்றாள்.

சிவகாசியில் அச்சடிக்கிற தொழிலுக்கு ஒரு நியாயம் உண்டு. அடிப்பதற்கு முன்னால் மாதிரித் தாளை ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்புவார்கள். அவர் படித்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அப்புறம் எது எப்படி வந்தாலும் அது அவர் பாடு. அச்சகத்தை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

மாதத்துக்கு ஒன்றாக இருந்த அந்த மாதிரித் தாள்களைப் பொன்மணியேதான் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். அவர் ஆகஸ்ட் பக்கத்தைப் படித்தால் கதை அன்றோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து மகளையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு அந்த மனுசனைத் தெரியும். 'என் ஆளே இல்லை' என்று எழுதிய தாளிலும் அவர் குனிந்து பார்க்காமல் போனில் பேசிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். ஸ்டேஷன் வாசலில் நின்று அதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

ராஜபாண்டியன் முதலில் அட்டையை எடுத்தார். தன் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"மீச நரச்ச மாதிரி தெரியுதேம்மா. நல்லாக் கறுப்பா வரணும்னு சொல்லு" என்றார்.

சொல்லுகிறேன் மொதலாளி என்றாள். அப்புறம் அவர் ஒவ்வொரு தாளாகத் தள்ளித் தள்ளிக் கையெழுத்துப் போட்டார். ஜனவரி, மார்ச், ஜூன். ஆகஸ்டில் பேனா மை நின்றது. உதறிவிட்டு மறுபடியும் போட்டார். எதிரே நிற்கிறவள் யார் பெண்டாட்டி என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதே என்று அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல் தாள்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

காலண்டர் மார்கழியில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீடெல்லாம், சாத்தூர் கடைகளெல்லாம் மாட்டினார்கள். ராஜபாண்டியன் பெருமையாக நூறு காலண்டர் கூடுதலாக வாங்கி ஏஜெண்டுகளுக்கும் ஆபீசர்களுக்கும் கொடுத்தார். கம்பெனியில் தன் நாற்காலிக்குப் பின்னாலேயே ஒன்று மாட்டினார், வருகிறவர்கள் அவரையும் பார்க்கலாம், படத்தையும் பார்க்கலாம் என்று.

காலண்டர் கைக்கு வந்ததும் தன் நாளைப் புரட்டிப் பார்க்காதவர் உண்டா? புரட்டுகிறபோது பக்கத்து நாளும் கண்ணில் படத்தானே செய்யும். பொங்கலுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. ஏழாம் அறையில் இருந்து ஓடிப் பிழைத்த சண்முகத்தாய் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. ஆனால் ஒருவரும் மூச்சு விடவில்லை. எட்டு மாதம்! தலைவருக்குச் சொல்ல நாக்கு இல்லாமலா? அறை வெடித்தபோது அவருக்காக மூடிய வாய்கள்தான் இப்போதும் மூடியிருந்தன. இந்தத் தடவை அவருக்காக இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கழிப்பறை ஜூனில் கட்டி முடிந்தது. கதவுக்கு மேலே பளிங்குக் கல்லில் அவர் பெயர்.

ஆகஸ்ட் இருபத்திரண்டு வந்தது. பொன்மணி வேலைக்கு லீவு போட்டாள். தலைக்குக் குளித்து, பீரோவில் இருந்து பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். கம்பெனி வேன் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கம்பெனியில் ஆண்டிச்சாமி காலையில் வழக்கம்போல் இருபத்தொன்றாம் தாளைக் கிழித்தார், அடுத்த தாளைப் பார்த்தார், கேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ராஜபாண்டியன் அந்தத் தாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை பார்த்தார். முதல் போன் சாத்தூர் ஏஜெண்டு சங்கரலிங்கத்திடம் இருந்து வந்தது. என்ன அண்ணாச்சி, காலண்டரில் இப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். இரண்டாவது போன் விருதுநகரில் இருந்து, ஓர் ஆபீசர். மூன்றாவது போன் அடிக்கும்போதுதான் ராஜபாண்டியன் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். மீசை கருகருவென்று அவர் படம். அதற்குக் கீழே:

'நினைவு நாள். முனியராஜ், வயது 34. மேலே படத்தில் இருப்பவரின் கம்பெனியில், ஏழாம் நம்பர் அறையில், வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது இறந்தார். அவர் திருடவில்லை. மனைவி பொன்மணி, மகள் காளீஸ்வரி.'

வேன் பன்னிரண்டே முக்காலுக்கு அவளைக் கம்பெனியில் இறக்கியது. செல்லக்கனி டீச்சரையும் ராஜபாண்டியன் வரச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் அறுபது எழுபது பேர் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ராஜபாண்டியனுக்கு ஆபீசுக்குள் காத்திருக்கப் பொறுமை இல்லை. கிழித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார்.

"யாரக் கேட்டு இதப் போட்டே?"

பொன்மணி பையில் இருந்து மாதிரித் தாளை எடுத்து விரித்தாள்.

"ஒங்களக் கேட்டுத்தான் மொதலாளி. இது ஒங்க கையெழுத்துதான?"

அவர் பார்த்தார். மை நின்று மறுபடி போட்ட கையெழுத்து. டீச்சரைப் பார்த்தார். நீங்கள் படித்துத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றார் டீச்சர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். வேப்பமரத்தடியில் ஒருவரும் சாப்பிடவில்லை. ராஜபாண்டியனுக்கு ரத்தம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில் மனுசனுக்குப் புத்தி எங்கே நிற்கும்?

"சோறு போட்டவனுக்கே மண்ணள்ளிப் போடுதியா நன்றிகெட்ட நாயே? மூணு சீசன் எங்கிட்ட ஏழாம் நம்பர்ல வேல பாத்தவன் ஒம் புருசன். தீவாளிக்குத் தீவாளி எங் கையால போனசு வாங்கினவன். அவன் பொண்டாட்டி எனக்கே..."

அப்போதுதான் தன் வாயில் என்ன வந்துவிட்டது என்று அவருக்கே உறைத்தது.

பொன்மணி நாலு வருடம் காத்த வார்த்தை. மரத்தடியில் இருந்தவர்களை ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மொதலாளி. பின்னால இருக்கவுகளுக்குக் கேட்டிருக்காது."

"கேட்டுச்சு" என்றாள் சண்முகத்தாய், உட்கார்ந்த இடத்தில் இருந்தே. அப்புறம் தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்து நின்றாள். "நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ராஜபாண்டியன் ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேட்டருகே ஆண்டிச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பொன்மணி அவர் முன்னால் போய் நின்றாள். திட்ட நினைத்து நாலு வருடமாக மனசில் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் வாய் வரை வந்தது.

"நீங்க எப்ப மாமா சொல்லப் போறீக?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கே ஸ்டேஷனுக்கு வாரேன் தாயி" என்றார் அவர். மறுநாள் டீச்சரோடு போய், எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதியும் கொடுத்தார். சண்முகத்தாயோடு ஐந்து பேர் கூடப் போனார்கள்.

அவள் மனசு ஆறியதா என்று கேட்டால், இல்லை. செத்தவன் வரப்போவதில்லை. ஆனால் அவர்கள் ஸ்டேஷனுக்குப் போன அன்றைக்குச் சாயங்காலம் காளீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தானாக உட்கார்ந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பொன்மணிக்கு அது போதும், மிச்சத்துக்கு அவள் கோபம் இருக்கிறது.

செப்டம்பரில் கழகக் கூட்டம் மறுபடியும் கூடியது. தலைவர் வரவில்லை. போன வருடம் போட்ட காலண்டர் நன்றாகப் போனதால் இந்த வருடமும் போடலாம் என்று டீச்சர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து ஊர்களில் இருந்து வந்திருந்த ஏழு பொம்பிளைகள் எழுந்து, ஆளுக்கொரு நாள் கேட்டார்கள். ஒருவரும் பிறந்தநாள் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் நாளோடு ஒரு கம்பெனியின் பெயரையும் சொன்னாள். டீச்சர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே பொன்மணியைப் பார்த்தார்.

"அட்டையில இந்தத் தடவ யார் படத்தப் போட?"

"ஒரே ஒரு படம் பத்தாது டீச்சர்" என்றாள் பொன்மணி. "ஏழு மொதலாளி படமும் போடுவோம். ஆனா அடிக்கதுக்கு முன்னால, அவங்கவங்க தாள அவங்கவங்ககிட்டயே கொண்டுபோய்க் காட்டுவோம். இந்தத் தடவ படிக்கட்டும்."