இருபதிலிருந்து தலைகீழாக

நாற்காலியின் முதுகைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தாள் மகள். அப்பாவை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. தம்பி இன்னும் சுடுகாட்டிலிருந்து திரும்பவில்லை. அதற்குள் அந்தப் பாழாய்ப்போன நாற்காலி கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும் அவளுக்கு.

முப்பத்திரண்டு வருடம் பேருந்தில் நின்றே காலம் தள்ளிய கண்டக்டர், ஓய்வு பெற்றதும் உட்கார்ந்தார் பாருங்கள், அப்படி ஓர் உட்காரல்! கால் தளர்ந்தது, சாவி வைத்த இடம் மறந்தது. டாக்டர் சொன்னதை மகள்தான் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலை ஆறரைக்கு வெளியூரிலிருந்து போன் போடுவாள். கையூன்றாமல் இருபது தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். மூளைக்கும் வேலை வேண்டுமே, அதனால் இருபதிலிருந்து தலைகீழாக எண்ண வேண்டும். மூன்று வருடமாக ஒரு நாள் தப்பியதில்லை. நாற்காலி கிரீச்சிடும், "பத்தொம்பது" என்பார் அப்பா. தன் வீட்டு அடுப்படியில் நின்றபடி அவள் போனில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நேற்றும் அப்படித்தான். முடித்துவிட்டுப் போதுமா என்றார். இன்னும் பத்து போடுங்கப்பா என்றாள். போட்டார். எட்டு மணிக்கு அதே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் தலை சாய்ந்துவிட்டது.

அந்தப் பத்துதான் நேற்றிலிருந்து அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

"அதை எங்க கொண்டு போற?" கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள்.

மகள் இழுப்பதை நிறுத்தினாள். நிறுத்தியதும் உடைந்துவிட்டாள். "நான்தாம்மா கொன்னுட்டேன். போதுமான்னு கேட்டாரு. நான் விடல."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு எங்கடி எழுந்தாரு?"

மெல்ல மெல்லத்தான் எல்லாம் வெளியே வந்தது. முதல் வாரத்திலேயே அப்பாவுக்கு அலுத்துவிட்டதாம். ஆயுசுக்கும் நின்றாகிவிட்டது, இனி நிற்க மாட்டேன் என்றாராம். ஆனால் போனில் நாற்காலிச் சத்தம் கேட்காவிட்டால் மகள் சும்மா விடுவாளா? அதனால் அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு எண்ணுவார். எழுந்து எழுந்து உட்கார்ந்தது அம்மா. நேற்று மகள் இன்னும் பத்து கேட்டபோது அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாராம்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும். மூன்று வருடம் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறார்களே!

"செஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்னவோ," என்றாள் அம்மா. "நான்தான் இடம் குடுத்துட்டேன்."

மகள் நாற்காலியை விட்டுவிட்டு, அம்மாவைத் தூக்கிவிடக் கை நீட்டினாள். முன்பெல்லாம் அம்மா தரையிலிருந்து எழ இரண்டு பேர் வேண்டும். கை அவளைத் தொடுவதற்குள் அம்மா தானாகவே எழுந்து நின்றுவிட்டாள். எழுந்தவள் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை மகள் கண்விழித்தபோது ஆறரை. அம்மா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழவில்லை. எதிரே அப்பாவின் கட்டில் காலியாகக் கிடந்தது.

மகள் போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இருபது," என்றாள். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "பத்தொம்பது. பதினெட்டு."

"மெதுவா," என்றாள் அம்மா. "அவரு இவ்வளவு அவசரப்பட மாட்டாரு."

மகள் பதினேழை நிதானமாகச் சொன்னாள். நாற்காலி கிரீச்சிட்டது.