வீட்டைப் பாத்துக்க, நைனா

சாந்தோம் அல்போன்ஸுக்குத் தபலா வாசிக்கத் தெரியுமா என்று கேட்டால் வடபழனியில் சிரிப்பார்கள். அவர் கை படாத சினிமாப் பாட்டு அந்த வருஷங்களில் கொஞ்சம்தான். ஆனால் என்ன பிரயோசனம்? எல்லாம் மூன்று நிமிஷம். ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தால் வாசிக்க வேண்டும், விளக்கு அணைந்தாலோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கையை மடக்கினாலோ நிறுத்த வேண்டும். மாதா கோவிலில் தமிழ்ப் பூசை வந்த பிறகு பாட்டுக்குழுவுக்கும் வாசித்தார். அங்கேயும் சாமியார் பீடத்துக்கு வந்துவிட்டால் கையை எடுத்தாக வேண்டும். ஒரு ராகத்தோடு முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கான தெம்பு தன் கைக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. மனைவி ஃப்ளோராவைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மயிலாப்பூர் சபா ஒன்றின் செயலாளர் ராஜகோபாலன் வேர்த்து விறுவிறுத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஹைதராபாத்லேர்ந்து ஷாகிரா பேகம் வந்து எறங்கியாச்சு. சிதார் இருக்கு, அந்தம்மாவும் இருக்கா, தபலா இல்லை! தபலாக்காரருக்கு அம்மை போட்டு அங்கேயே படுத்துண்டுட்டாராம். சாயங்காலம் கச்சேரி. நீங்கதான் மானத்தைக் காப்பாத்தணும்."

"சார், நான் சினிமாவுக்கு வாசிக்கிறவன்."

"தெரியும் ஸ்வாமி! வேற யாரும் கெடைக்கலை, கெளம்புங்கோ."

அழைக்கிற அழகைப் பாருங்கள்! அல்போன்ஸ் தயங்கினார். உள்ளேயிருந்து ஃப்ளோராவின் குரல் வந்தது.

"போங்க. இன்னிக்குப் போவலேன்னா ஆயுசுக்கும் பொலம்பிக்கினே இருப்பீங்க. நான்தானே கேக்கணும்!"

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ஷாகிரா பேகம் சிதாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த இரண்டு இந்தி வார்த்தைகளை அல்போன்ஸ் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இன்னாத்துக்கு நைனா இந்தியெல்லாம்? நான் திருவல்லிக்கேணி. பெரிய மசூதிக்குப் பின்னாடி தெரு. கட்டிக்குடுத்து ஹைதராபாத்துக்கு அனுப்ச்சிட்டாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "பதினாறு அட்சரம், நல்லா மெதுவா. புடிப்பியா?"

"புடிப்பேம்மா."

"சரியா வரலேன்னா பாதியில கை காட்டிடுவேன். நீ நிறுத்திக்க, நான் தனியா வாசிச்சு முடிச்சுக்கறேன். மனசுல வெச்சுக்காதே, இன்னா?"

அல்போன்ஸ் தபலாவின் உறையை அவிழ்த்தார். கை காட்டி நிறுத்துவது இங்கேயுமா!

கச்சேரி தொடங்கியது. முதலில் தாளமே இல்லாமல் ராகம் மட்டும். தபலாவுக்கு வேலையில்லை, அதனால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கல்யாணி" என்றார் முன்வரிசையில் ஒருவர். "யமுனா கல்யாணி ஓய்" என்று பக்கத்திலிருந்தவர் திருத்தினார். பிறகு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். ஷாகிரா சிதாரின் தண்டில் ஒரே மெட்டின்மேல் விரலை வைத்துக் கம்பியை ஓரமாக இழுக்க இழுக்க, ஒரு ஸ்வரத்துக்குள் இருந்து இன்னொன்று, அதற்குள் இருந்து இன்னொன்று என்று வந்துகொண்டே இருந்தது. அவசரமே இல்லை. ஒரு ஸ்வரம் ஓய்ந்த பிறகும் அடியிலிருந்த கம்பிகள் தாமாகவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. அடேயப்பா, இவ்வளவு இடமா இருக்கிறது இந்த ராகத்துக்குள்! தான் வாசிக்க வந்திருக்கிறோம் என்பதையே அல்போன்ஸ் மறந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

சிதாரில் பாட்டு ஆரம்பித்தது, தபலா சேர்ந்தது. முதல் நாலைந்து சுற்று நன்றாகத்தான் போயிற்று. அப்புறம்தான் நம் ஊர்ப் பழக்கம் தலைகாட்டியது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த காது அல்லவா? பாட்டு போகிற வழியெல்லாம் நிழல் மாதிரி கூடவே போனால்தான் நல்ல பக்கவாத்தியம் என்று ஊறிப்போயிருந்தது. சிதார் ஒரு வளைவு வளைந்தால் தபலாவும் வளைந்தது. சிதார் தாண்டினால் தபலாவும் தாண்டியது. முன்வரிசை குஷியாகிவிட்டது. "பேஷ்! பேஷ்!" என்றார் ராஜகோபாலன்.

ஷாகிராவின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று நிறுத்தி, கம்பி இறங்கிவிட்டதுபோல் முறுக்காணியைத் திருகினார். தொலைந்தோம், கை காட்டப்போகிறார் என்று அல்போன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஷாகிரா அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "நைனா, நான் போற எடமெல்லாம் நீயும் பின்னாடியே வந்துட்டா, நான் எங்க திரும்பி வர்றது? நீ வீட்டைப் பாத்துக்க. நான் ஊர் சுத்திட்டு வரேன்."

அவ்வளவுதான் சொன்னார். அல்போன்ஸுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

இந்தத் தடவை அவர் நகரவில்லை. பதினாறு அட்சரம், தா தின் தின் தா என்று அதே சொற்கள், அதே நடை, சுற்றிச் சுற்றி அதே. அலங்காரம் ஒன்றும் கிடையாது. கொஞ்ச நேரத்தில் சிதார் உண்மையாகவே கிளம்பியது. இப்படியும் போக முடியுமா! தாளத்துக்குக் குறுக்கே ஓடியது, தட்டு விழ வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தது, யாரும் எதிர்பாராத சந்தில் பளிச்சென்று எட்டிப் பார்த்தது. மயிலாப்பூர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்குமா? முன்வரிசை முழுக்கத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஒரு கை தடுமாறியது, அப்புறம் அடுத்தது. கடைசியில் ராஜகோபாலனின் கையும் எங்கே விழுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. சபையில் இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் இடம் தெரியவில்லை.

அல்போன்ஸுக்கும் ஆடிப்போய்விட்டது. நான்தான் தப்போ? ஒரு அரைத் தட்டு முன்னே போனால் சிதாரைப் பிடித்துவிடலாமே! விரல் பரபரத்தது. மாதாவே, என் கையைப் பிடித்துக்கொள் என்று மனசுக்குள் கத்திக்கொண்டே, அசையாமல் அதே சொற்களை வாசித்தார். பதின்மூன்று, பதினான்கு. சிதார் எங்கோ மேலேயிருந்து உருண்டு வந்தது. பதினைந்து, பதினாறு.

முதல் தட்டில் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

சபையே "ஆஹா!" என்று எழுந்துகொண்டது. அல்போன்ஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த அம்மாள் இத்தனை தூரம் போனதும் திரும்பியதும் தன் இரண்டு கையை நம்பித்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் ஷாகிரா ஒரு சின்ன மெட்டை எடுத்து, அதையே திரும்பத் திரும்ப எளிமையாக வாசிக்க ஆரம்பித்தார். தலையை அசைத்து, "இப்ப நீ கெளம்பு. நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றார்.

அல்போன்ஸ் கிளம்பினார். கை தானாக ஓடியது, வேகம் இரண்டு மடங்கானது, இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்து கொட்டியது. கொஞ்ச தூரம்தான் போயிருப்பார். பழக்கதோஷம், கண் சிவப்பு விளக்கைத் தேடியது. அவசர அவசரமாக ஒரு முத்தாய்ப்பு வைத்து முதல் தட்டில் வந்து நின்றார்.

ஷாகிரா மெட்டை விடவில்லை. வாசித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா நைனா, அதுக்குள்ள வந்துட்டே? யார் தொரத்துறாங்க? நான் இங்கதான் கீறேன். நல்லா சுத்திட்டு வா."

கூடவே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஃப்ளோரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அல்போன்ஸ் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும் கிளம்பினார். இந்தத் தடவை அவர் விளக்கைத் தேடவில்லை.