மூன்றாவது வரிசையில் ஓடுகிற பெண்

அந்த முகத்தை இஷாக் முந்தின நாளே பார்த்துவிட்டார். பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தவர் இஷாக். அறுபத்தைந்து வயதானதும் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, மாடியறையில் ஒரு பெரிய டிவியையும் ப்ளூரே பிளேயரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பீடியில்லை, சீட்டாட்டமில்லை. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை விஞ்ஞானப் படங்கள்தான். செவ்வாய்க் கிரகத்துப் படை, வீட்டுக் கூரையைப் பிய்க்கிற ராட்சச நண்டு, தகரப் பெட்டி மாதிரி நடந்து வருகிற இயந்திர மனிதன். வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வரவழைத்து, மெத்தென்ற துணியால் துடைத்து, ஆண்டவன் பேரால் என்று பிஸ்மி சொல்லித்தான் உள்ளே தள்ளுவார்.

"நண்டுப் படத்துக்கெல்லாம் பிஸ்மி சொல்ற ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்" என்பாள் அவர் மனைவி நர்கீஸ்.

இந்தக் கிறுக்கு இன்னொரு மனுஷிக்கு உதவும் என்று அவர் நினைத்ததில்லை. அந்த மனுஷி சகாயசெல்வி. அகரத்தில் பிறந்து, நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இஷாக்கின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த எட்டு மாதமும், டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்து படுக்கைப் புண்ணைக் கழுவி மருந்து வைத்துவிட்டுப் போனவர். யாரும் கூப்பிட்டு வந்தவரில்லை. கேள்விப்பட்டு வந்தார். ஒரு டம்ளர் டீ தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

செல்விக்குப் பதினொரு மாதமானபோது அவர் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அம்மா ஒரு சினிமாவில் இருந்தாள். அவள் சாவதற்கு முந்தின வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி வந்து, அகரத்துக்கு வெளியே பொட்டல் காட்டில் படம் பிடித்தது. வானத்திலிருந்து பறக்கும் தட்டு இறங்க, ஊர் சனம் அலறி ஓடுகிற காட்சி. ஓடியதெல்லாம் ஊர்க்காரர்கள்தான். பின்னாளில் அந்தப் படம் வடமதுரைக் கொட்டகைக்கு வந்தபோது, "அம்மா எப்படி இருப்பா" என்று நச்சரித்துக்கொண்டிருந்த மகளை அப்பா ஞானராஜ் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் ஓடியது. மூன்றாவது வரிசையில் ஒரு உருவம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வானத்தைப் பார்த்தது. "அந்தா, அதான் உங்கம்மா" என்றார் அப்பா. நாலு நொடி. அதற்குப் பிறகு டிவியில் இரண்டு முறை வந்தபோதும் செல்வி பார்த்தது சாம்பல் பூசின ஒரு முகத்தைத்தான். மூக்கு எது, கண் எது என்று தெரியாது. அந்தச் சாம்பலைத்தான் அறுபது வருஷமாக அம்மா என்று நெஞ்சில் வைத்திருந்தார்.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பல தேசத்துப் பழைய விஞ்ஞானப் படங்களைத் தேடிச் சுத்தம் பண்ணி டிஸ்க்காக வெளியிட்டபோது, அதில் இந்தப் படமும் இருந்தது. இஷாக் சேதி சொன்ன அன்றே செல்வி, பல வருஷமாகத் தள்ளிப்போட்டிருந்த கண்புரை ஆபரேஷனுக்கு மதுரையில் பேர் கொடுத்தார்.

"அம்மாவப் பாக்கணும்னா கண்ணு சுத்தமா இருக்கணும்ல தம்பி" என்றார்.

ஆபரேஷன் முடிந்து கண் தேறியபின் ஒரு வியாழக்கிழமை டிஸ்க் வந்தது. சரியாக ஓடுகிறதா என்று இஷாக் போட்டுப் பார்த்தார். படம் அப்படியொரு துலக்கம். காட்டிலிருந்த எருக்கஞ்செடியின் இலையை எண்ணலாம். மூன்றாவது வரிசை வந்ததும் நிறுத்தினார். முந்தானைக்குமேலே கன்னத்தில் இரண்டு நாள் தாடி. தொண்டையில் குரல்வளை துருத்திக்கொண்டிருந்தது. சேலைக்குள்ளே கைவைத்த பனியன்.

சேலை கட்டின ஆம்பளை.

நர்கீஸைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள்.

"டிஸ்க் வரலைன்னு சொல்லிருங்க."

"வந்துருச்சுன்னு போன் பண்ணிட்டேன். நாளைக்கு மத்தியானம் வாராங்க."

"அப்ப, டிவியில வந்தப்ப நீங்க புடிச்சு வச்ச பழசு இருக்குல்ல, அதைப் போட்டுக் காட்டுங்க. இதான் புதுசுன்னு சொல்லுங்க. ஒரு நல்லதுக்குச் சொல்றதுதானே."

இஷாக்குக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. ஒரு உயிரை நோகடிக்காமல் அனுப்புவதை ஆண்டவன் பொய்க் கணக்கில் எழுதமாட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வருவதற்குள் செல்வி வந்து உட்கார்ந்திருந்தார். மாதா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை, தலையில் கனகாம்பரம்.

"என்னக்கா, கல்யாணத்துக்கு வந்தாப்புல இருக்கீங்க" என்றாள் நர்கீஸ்.

"அம்மா என்னைப் பாத்தா அடையாளம் தெரியணும்ல. பதினோரு மாசத்துல பாத்தவ."

இஷாக் திரும்பி நின்று, பழைய படம் இருந்த பென்டிரைவைச் செருகினார். பிஸ்மி சொல்ல வாய் வரவில்லை. படம் ஓடியது. தட்டு இறங்கியது, சனம் ஓடியது, சாம்பல் முகம் திரும்பியது. நிறுத்தினார்.

செல்வி எழுந்து டிவிக்கு அருகே போனார். ஒரு கையால் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு இடது கண்ணை. பின்னால் நகர்ந்தார். மறுபடி முன்னால் வந்தார்.

"உங்களுக்குத் தெளிவாத் தெரியுதா தம்பி?"

"தெரியுதுக்கா."

"மூக்கு தெரியுதா?"

"ம்."

செல்வி மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்குத்தான் தெரியலை. வர்ற வழியில பஸ் போர்டெல்லாம் படிச்சுட்டுத்தான் வந்தேன். சரியாயிருச்சுன்னு நெனச்சேன்." விரலால் இமையைத் தொட்டுப் பார்த்தார். "சுகர் இருக்குல்ல, உள்நரம்பு போயிருக்கும். எத்தனை பேருக்குப் பாத்திருக்கேன். முதல்ல முகம் தெரியறதுதான் போகும். அப்புறம் எல்லாமும் போயிரும். ஒத்தைக்கட்டை, யாரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவா. பரவால்ல விடுங்க."

நர்கீஸ் கணவனைப் பார்த்தாள். ஒரு துக்கத்தை மறைக்கப்போய் இன்னொரு துக்கத்தைத் தன் கையாலேயே செல்வியின் மடியில் வைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. எப்படித் திரும்பினாலும் இந்த மனுஷிக்கு அடிதான்.

"அக்கா, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நான்தான் பழசைப் போட்டேன்."

"ஏன்?"

இஷாக் டிஸ்க்கை உள்ளே தள்ளினார். பொட்டல் காடு துலக்கமாக விரிந்தது. மூன்றாவது வரிசை திரும்பியது. அவர் நிறுத்தியதும் செல்வி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். எழுந்து போகவேண்டிய தேவை இருக்கவில்லை.

தெருவில் ஒரு ஆட்டோ போகிற சத்தம் வந்து ஓய்ந்தது.

"ஆம்பளை" என்றார் செல்வி.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவரே தொடர்ந்தார்.

"படம் புடிச்சது தவக்காலம். சாம்பல் புதன் கழிஞ்சு வந்தாங்களாம். கூத்து, சினிமா எதுக்கும் போகக்கூடாதுன்னு சாமியார் பூசையில சொல்லிட்டாரு. பொம்பளைங்க ஒருத்திகூட வரலை. கம்பெனிக்காரன் திண்டாடிப் போயி, ஆம்பளைங்களுக்குச் சேலை கட்டி ஓடவிட்டான்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சேலை தடுக்கி விழுந்தவன் கதையெல்லாம் சொல்லுவாரு. நானும் சிரிச்சிருக்கேன். அதையும் இதையும் சேத்துப் பாக்கவேயில்ல தம்பி, இத்தனை வருஷமா. பாக்க மனசு வரலை போல."

"அத்தாமாருக எல்லாரும் அப்படித்தான்க்கா. புள்ள அழுதா எதையாச்சும் காட்டுவாங்க" என்றாள் நர்கீஸ்.

"அவரைக் குத்தம் சொல்லலம்மா. எட்டு வயசுப் புள்ளைக்கு வேற எதைக் காட்டுவாரு." செல்வியின் குரல் உடையவில்லை, வற்றியிருந்தது. "கல்லறைத் திருநாளைக்கு மெழுகுவத்தி ஏத்தறப்ப இந்த முகத்தை நெனச்சுக்குவேன். வர்ற நவம்பர்ல எதை நெனக்க?"

மண்ணுக்குள் போன முகத்தை எந்தக் கம்பெனியாலும் சுத்தம் பண்ணித் தரமுடியாது. ஆண்டவன் அதை எங்கோ பத்திரமாக வைத்திருப்பான் என்று சொல்லலாம். சொல்ல இஷாக்குக்கு வாய் கூசியது.

நர்கீஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு, செல்வியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டிவிய அணைச்சுரவா அக்கா?" என்றார் இஷாக்.

"வேணாம் தம்பி, இருங்க." செல்வி திரையிலிருந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டின முகம். நிஜமாகவே பயந்தவன்போலக் கண்கள். "பாவம், சாப்புடாம ஓடியிருக்கான். யாரு பெத்த புள்ளையோ. இம்புட்டு நாள் என் ஜெபமெல்லாம் இவனுக்குத்தான் போயிருக்கு."

"வீணாப் போயிருச்சேன்னு நெனக்காதீங்கக்கா" என்றாள் நர்கீஸ்.

"வீணுன்னு சொல்லல. எங்கம்மாவுக்குப் போகலைல, அதைச் சொல்றேன்."

அதன்பின் டிஸ்க்கின் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தனக்காக இஷாக் இதை எங்கிருந்தோ வரவழைத்திருக்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும்.

"பாதியில எந்திரிச்சுப் போறது சரியில்ல. மிச்சத்தையும் போடுங்க தம்பி."

இஷாக் பொத்தானை அழுத்தினார். சேலை கட்டினவன் ஓடத் தொடங்கி, இரண்டு எட்டில் படத்தை விட்டு வெளியே போய்விட்டான். இன்னும் ஒரு மணி நேரப் படம் இருந்தது. மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நர்கீஸ் கொண்டுவந்து வைத்திருந்த டீயில் ஆடை படிந்தது. செல்வி கண்களைத் திறந்துதான் வைத்திருந்தார்.