முன்மொழிபவர் கையொப்பம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பயத்திலிருந்து. காலையில் பக்கத்து வீட்டுப் பொற்கொடி, ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலுக்கான தன் வேட்புமனுவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று. 'முன்மொழிபவர் கையொப்பம்' மட்டும் காலி. நான்கு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வாள். ஐந்து மணிக்கு மனுத்தாக்கல் முடிகிறது. இப்போது இரண்டே முக்கால். கையெழுத்துப் போட வேண்டிய பேனாவால் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். (வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மகளின் பையில் பள்ளிக்கூடம் போய்விட்டன.)

2

தொடக்கம் ஒன்று: 'பாகலூர்ச் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக…' வேண்டாம். எல்லோரும் பஸ்ஸில்தான் தொடங்குகிறார்கள்.

தொடக்கம் இரண்டு: 'பொற்கொடி அநியாயத்தைக் கண்டால் பொங்குகிறவள்.' சே! அவள் தினமும் பொங்குவது துணி காயப்போடும் கயிற்றுக்காக. போன மாதம் வாங்கிப்போன என் குக்கர் இன்னும் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நாற்பது லைன் வீடுகளுக்கும் ஓனர் திம்மராயன். அவரேதான் வார்டு உறுப்பினர், இரண்டு முறை போட்டியே இல்லாமல். ஊர் போர்வெல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் நிலத்தை, இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் ஷெட்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஷெட் வந்ததிலிருந்து குழாய்த் தண்ணீரில் துரு வாடை. பொற்கொடியின் மகனுக்குக் கையெல்லாம் கொப்புளம். மூன்று முறை போய்ச் சொன்னாள். மூன்று முறையும் பார்க்கலாம் என்றார்.

3

ஏன் நான்? நாற்பது வீட்டிலும் ஊத்தங்கரை, காவேரிப்பட்டினம், திருவண்ணாமலைக்காரர்கள். பத்து வருஷமாகக் குடிப்பது இந்தத் தண்ணீர், ஓட்டு மட்டும் சொந்த ஊரில். அதையும் மாற்றிவிட்டால் ஊரில் நமக்கு வேறென்ன இருக்கிறது என்பார்கள். மாற்றியவர்கள் இரண்டே பேர்: பொற்கொடி, நான்.* முன்மொழிபவர் இதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். உள்ளூரில் ஐந்து வீடு ஏறி இறங்கினாள். காபி கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை.

\* எனக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவளும் அவளே. அன்றைக்கு அது உதவியாகத் தெரிந்தது.

நீ ஜெயிக்கப்போவதில்லையே என்றேன்.

"ஜெயிக்கறதுக்காண்ணா நிக்கறேன்? எதிர்ல ஒரு பேரு இருந்தா, அந்தாளு ஓட்டு கேட்டு வீடு வீடா வந்துதான ஆவணும்? உள்ளூரு வீட்டுலயும் இதே தண்ணிதான். ஒருத்தராச்சும் சொம்புல மோந்து, குடிச்சிட்டுப் பேசுங்கன்னு குடுக்க மாட்டாங்களா?"

4

திம்மராயனைக் கெட்டவராக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். முயன்றேன்: 'மீசையை முறுக்கியபடி…' (அவருக்கு மீசையே கிடையாது.) என் மனைவிக்கு வலி எடுத்த அன்று, ஆம்புலன்ஸ் வராத மழையில், தன் காரில் ஓசூர்வரை கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன். வழியெல்லாம் தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். மகள் பிறந்ததும் முதல் ஸ்வீட் அவருக்குத்தான் கொடுத்தேன். அந்த மகள் குடிப்பதும் இதே தண்ணீர்தான்.

[கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. அடிக்கவும் மனம் வரவில்லை.]

5

மூன்றே முக்கால். முடிவுகள்:

அ) கையெழுத்துப் போடுகிறேன். சாயங்காலம் ஓனர் வருகிறார். சத்தம் போடவில்லை, வீட்டைக் காலி பண்ணச் சொல்லவும் இல்லை. "நீயாப்பா?" என்று மட்டும் கேட்கிறார்.

ஆ) பாத்ரூமில் ஒளிந்துகொள்கிறேன். பொற்கொடி தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். மூன்றாம் முறையும் போட்டியில்லை என்று ஐந்து மணிக்குப் பட்டாசு. லட்டு எனக்கும் வருகிறது. தின்கிறேன்.

இ) உள்ளூர் நாகம்மாள் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து கையெழுத்துப் போடுகிறாள். இது பித்தலாட்டம். நாகம்மாள் என்று யாருமே இல்லை. நான் தப்பிப்பதற்காக இப்போதுதான் அவளை உண்டாக்கினேன்.

6

முடிவை உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்பதுதான் முதலிலிருந்தே என் திட்டம். இந்த மாதிரிக் கதைகளில் அதற்கு இடமுண்டு. ஆனால் உங்கள் பெயர் எங்கள் வார்டுப் பட்டியலில் இல்லையே. நீங்கள் போட்டால் மனு தள்ளுபடி.

வெளியே ஸ்கூட்டி வந்து நிற்கிறது.

"அண்ணா."

இன்னும் ஒரு பக்கம் இழுக்க எனக்குத் தெரியும். மழையைக் கொண்டுவரலாம், மறுபடியும் பஸ்ஸிலிருந்து தொடங்கலாம். வெட்கமாக இருக்கிறது.

"அண்ணா, டைம் ஆவுது."

மனுவை இழுத்து இந்தத் தாளின்மேல் வைத்துவிட்டேன். கதைக்கு ஓரத்தில் கொஞ்சம்தான் இடம் மிச்சம். பேனாவும் ஒன்றுதான். அதனால் இந்த வாக்கியத்தை