ஆறு நாளுக்கு ஒரு விளக்கம்

உயிரியல் வாத்தியாருக்குத் திருச்சபையில் வைத்த பெயர் 'அரைக் குரங்கு'. பள்ளி ஆசிரியர் அறையில் அதே மனிதருக்கு 'அரைப் பாதிரி' என்று பெயர். இரண்டு அரையும் சேர்ந்தால் முழு மனுஷன்தானே என்று சிரித்துவிட்டுப் போவார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், விருப்பமுள்ளவர்களை உட்காரவைத்து, வேதத்தில் கடவுள் உலகைப் படைத்த ஆறு நாளையும் அறிவியலின் கோடிக்கணக்கான ஆண்டுகளையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிச் சமாதானம் செய்துவைப்பார். தலைமுறைக்குத் தலைமுறை மரபணுவில் நேரும் சின்னச் சின்ன மாற்றங்கள்தான் கடவுள் கையிலுள்ள தூரிகை என்பது அவருக்குப் பிரியமான வாக்கியம். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவது அவர் மனைவி.

அவர்களுடைய பெண்குழந்தை பதினோரு மாதம்தான் உயிரோடு இருந்தது. கடைசிவரை தலை நிற்கவேயில்லை. அம்மா வழியிலும் வரவில்லை, அப்பா வழியிலும் வரவில்லை, மரபணுவில் ஒரே இடத்தில் புதிதாக நேர்ந்த மாற்றம் என்றார் மருத்துவர். வாத்தியார் அங்கேயே ஒரு தாளில் படம் போட்டு மனைவிக்கு அதை விளக்கினார்.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், மனைவியின் அண்ணன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகக் காரோடு வந்து வாசலில் நின்றார். போனால் திரும்புவாளா? வாத்தியார் அவள் பின்னாலேயே அறைக்குள் போனார். அவள் குழந்தையின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த மாத்தமெல்லாம் கடவுளோட தூரிகைன்னு சொல்லுவீங்களே. நம்ம பாப்பாவுக்கு வந்ததும் அதே தூரிகைதானா?"

"நல்ல கேள்வி," என்றார் வாத்தியார்.

இருபது வருஷ வகுப்பறைப் பழக்கம், பாழாய்ப்போன வாய்! அத்தோடாவது நிறுத்தினாரா? மாற்றமே இல்லையென்றால் கண் இல்லை, கை இல்லை, நாமே இல்லை என்றார். கடவுள் உயிருக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார் என்றார். பேசப் பேச அவருடைய வலது கை பலகையில் எழுதுவதுபோல் அசைந்தது.

அவள் பெட்டியை மூடினாள். "உங்க பாடத்துல எல்லாத்துக்கும் இடம் இருக்குங்க. பாப்பா செத்ததுக்குக்கூட இடம் வச்சிருக்கீங்க."

கை அந்தரத்தில் நின்றது. அவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"தெரியலம்மா," என்றார். "ஏன் நம்ம பாப்பா? எனக்கு ஒண்ணுமே தெரியல."

குழந்தை போனபின் அன்றுதான் அவர் அழுதார், வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக. அவள் அருகில் வந்து அவர் தலையில் கை வைத்தாள்.

"இத ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் தனியா அழுதிருக்க மாட்டேனே."

வெளியே அண்ணன் ஹார்ன் அடித்தார். அவள் அவர் தலையிலிருந்து கையை எடுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனாள்.