அடைத்த கரை

ஏரிக்கரை வழியை மார்கழியிலிருந்து பங்குனிவரை மூட வேண்டும் என்று கிராம சபையில் எழுந்து பேசியவள் ஏலவார்குழலிதான். வார்டு மெம்பர் ஆன பிறகு அவள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஒரே காரியம் அது.

பென்னலூருக்குப் பின்னால் இருந்த அந்த ஏரியின் கருவேல மரங்களில் பனி தொடங்கியதும் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டும். கரை மேல் பைக் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனால் போதும், அத்தனையும் படபடவென்று எழும்பிவிடும். அதற்காகவே காத்திருக்கும் காக்கைகள் முட்டைகளைக் கொத்திக்கொண்டு போகும். போன வருஷம் ஒரு காலையில் அதைப் பார்த்துவிட்டு வந்த குழலிக்குச் சோறு இறங்கவில்லை.

வனத்துறை ஆட்கள் வந்து கரையின் இரு முனைகளிலும் மூங்கில் கட்டிப் பலகை வைத்தார்கள். ஊரில் முணுமுணுப்பு அன்றே தொடங்கியது. கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்குக் கரைவழியாகப் போனால் கூப்பிடு தூரம். இல்லையென்றால் நெடுஞ்சாலை ஓரமாகச் சுற்ற வேண்டும். அந்த ஓரம் முழுக்க கன்டெய்னர் லாரிகள் நின்றிருக்கும். அவற்றைத் தாண்ட, வண்டிகள் பறக்கும் ரோட்டில்தான் இறங்கி நடக்க வேண்டும்.

"இன்னா மெம்பரே, கொக்குக்குக் கரைய குடுத்துட்டு எங்கள லாரி அடியில வுடறியா?" என்று கண்ணப்பன் முகத்துக்கு நேரே கேட்டான். கார் உதிரிபாகக் கம்பெனியில் வெல்டர். மூங்கிலைத் தூக்கிவிட்டு பைக்கில் போகிறவர்களில் அவன்தான் முதல் ஆள்.

குழலியின் மாடி அறையில் பாண்டிச்செல்வி குடியிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். செல்போன் பாகங்களைப் பூட்டும் கம்பெனியில் லைனில் வேலை. கரை அடைத்த சில நாளில் அவள் படியிறங்கி வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, ரோட்டுல போவ பயமா இருக்கு. நான் மட்டும் சத்தம் காட்டாம கரையோரமா நடந்து போயிக்கிடட்டுமா?"

"எம் வூட்ல கீற பொண்ணே போனா, நான் யார போய் தடுக்கறது? கொஞ்ச நாளு பல்ல கடிச்சிக்கோ கண்ணு."

"சரிக்கா" என்று போய்விட்டாள். மற்றவர்கள் மூங்கிலுக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் சொன்ன சொல் தவறாமல் ரோட்டைச் சுற்றிப் போனாள்.

தை மாதத்தில் ஒரு காலை. எதிரில் வருகிற ஆள் தெரியாத பனி. நின்றிருந்த லாரியைச் சுற்றிக்கொண்டு பாண்டிச்செல்வி ரோட்டில் இறங்கியபோது பின்னால் வந்த வேன் அவளைத் தட்டித் தள்ளியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து குழலி சாயங்காலம் திரும்பியபோது கரையில் கூட்டமாக இருந்தது. கண்ணப்பன் மூங்கில்களைப் பிடுங்கி ஏரியில் வீசிக்கொண்டிருந்தான்.

"ஒரு பொண்ணுக்கு காலு போச்சி. இன்னும் உனுக்கு கொக்குதான் பெருசா?"

 குழலியின் கண்ணெதிரே பைக்குகள் வரிசையாகக் கரையில் ஏறின. நாரைகள் எழும்பின. காக்கைகள் இறங்கின. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியாமல் நின்றாள். யாரையும் தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. தடுக்காமல் வீடு திரும்பிய பிறகும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ஒரு நாள் பாண்டிச்செல்வியைப் பார்க்க வந்திருந்த, கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, "பஸ்ஸு ஊருக்குள்ள வந்தா இதெல்லாம் எதுக்குக்கா? திருப்ப எடமில்லன்னு கம்பெனில சொல்லிட்டாங்க" என்று போகிற போக்கில் சொன்னாள். குழலிக்குச் சுருக்கென்றது. கரையை அடைப்பதற்கு எத்தனை ஆபீஸ் மேஜைக்கு நடந்தாள்! நடக்கிறவர்கள் எப்படிப் போவார்கள் என்று ஒரு மேஜையிலாவது கேட்டாளா?

நேராகக் கண்ணப்பன் வீட்டுக்குப் போனாள்.

"கரைய அடைக்க சொல்லி வர்ல. கம்பெனி வண்டிய ஊருக்குள்ள கொண்டாரணும். நீ வந்தாதான் மத்தவங்க வருவாங்க."

 "முன்னாடியே இத கேட்டிருக்கலாம்ல?" என்றான் கண்ணப்பன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் யாரும் பஸ்ஸில் ஏறவில்லை. குழலியும் கண்ணப்பனும் பஸ்களுக்கு முன்னால் நின்றார்கள். கம்பெனிகளின் சார்பில் அதிகாரி ஒருவர் காரில் வந்து, மெயின் ரோட்டில் மட்டும்தான் ஆள் ஏற்றுவது என்றார். "அப்ப லைன நீயே ஓட்டிக்கோ சார்" என்றான் கண்ணப்பன். வெயில் ஏறியது. போன் மேல் போன் போனது. கடைசியில், பங்குனிவரை சின்ன வேன்கள் ஊருக்குள் வந்து ஏற்றிப்போகும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

வேன் ஒழுங்காக வரத் தொடங்கியதும் கண்ணப்பனே புது மூங்கில் கொண்டுவந்து கட்டினான். ஆனால் அதற்குள் பாதி மரங்கள் வெறிச்சோடிவிட்டன. கரையோரம் முட்டை ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. விட்டுப்போன நாரைகள் அந்த வருஷம் திரும்பவில்லை.

பாண்டிச்செல்வியை ஊருக்கு அழைத்துப்போக அவள் அண்ணன் வந்திருந்தார். கால் ஆறினாலும் நாள் முழுக்க நின்று பார்க்கிற லைன் வேலை இனிமேல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழலி அவளுக்குத் தலைவாரிப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"வேன் தெருவுக்குள்ளயே வருதாம்லா?"

"ஆமாம்மா."

"நல்லதுக்கா. மத்த பிள்ளைகளாவது பயமில்லாம போவும்."

 பிறகு திரும்பிப் பார்க்காமலே பாண்டிச்செல்வி சொன்னாள்: "அன்னைக்கு நீங்க சரின்னு ஒத்த வார்த்த சொல்லிருந்தா நான் இப்பம் இங்க கெடக்க மாட்டேன். மனசுல வச்சிக்கிட்டுப் போவ வேண்டாம்னு சொல்லுதேன்."

 மன்னிப்புக் கேட்கலாம் என்று குழலி நினைத்தாள். கேட்டால் அந்தப் பெண் 'பரவாயில்லக்கா' என்றுதான் சொல்லும். அதை வாங்கிக்கொள்ளத் தனக்கு என்ன தகுதி?

"ஆமா கண்ணு" என்றாள். "சொல்லியிருக்கணும்."

பாண்டிச்செல்வி தலையை மட்டும் அசைத்தாள். குழலி பின்னலை முடித்து ரப்பர் பேண்டைச் சுற்றினாள். அண்ணன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இருவருமாக அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள்.